எள்ளில் பத்தில் ஒன்று

மேட்டுப்பாளையம் போகும் கடைசி பஸ்
மூன்றாவது வளைவைத் தாண்டியபின்தான்
சுவரில் புள்ளி நிற்கும்.
அதுவரை நடுங்கும்,
ஈ உட்கார்ந்த மாட்டுத்தோல் போல.

மேலிருந்து தொங்குவது ஒரு டங்ஸ்டன் இழை,
என் தலைமயிரில் நாலில் ஒன்று.
இழையில் ஒரு கண்ணாடிச் சில்லு.
அதன் கீழே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மோட்டார்.
யாருடைய தோலுக்கடியிலோ
மருந்து சொட்டப் போகிற மோட்டார்.
அதன் உடலைத் திருப்பினால் அச்சும் கூடவே வரும்.
ஓரிடத்தில் இழை, போதும் என்று பிடித்துக்கொள்ளும்.
அந்த இடத்தின் எண்தான்
கோயம்புத்தூர் கம்பெனிக்கு வேண்டும்.

முறுக்குவிசை என்றேன் கட்டடக்காரர் போஜனிடம்.
"ஏழு சுற்றா ஒன்பதா?" என்றார்.

எள்ளளவும் இல்லை என்பார்கள், இல்லாததை.
எள் எனக்குப் பெரிய எடை.
அதைப் பத்தாக நறுக்கி
ஒரு துண்டை
ஒரு மில்லிமீட்டர் கைப்பிடி நுனியில் வைத்தால்
எவ்வளவு திருகுமோ, அவ்வளவு.

முதல் வாரத்து எண்கள் எல்லாம் பொய்.
நான் கிட்டே போனால்
புள்ளி என் பக்கம் நகர்ந்தது.
பிரியம் ஒன்றுமில்லை, ஸ்வெட்டர்.
ஜனவரியின் வறண்ட குளிரில்
கம்பளியில் ஏறிய மின்னூட்டம்.
அன்றிலிருந்து பருத்திச் சட்டையோடு நிற்கிறேன்,
கோத்தகிரியின் ஆறு டிகிரியில்,
மூச்சைத் தோளுக்கு மேலே விட்டபடி.

பிறகு இரண்டே முக்கால் மணிக் கோளாறு.
நான்கு இரவுகள், அதே நேரம்,
புள்ளி கிறுக்கியது.
இழையைச் சந்தேகித்தேன், மேசையை,
டீக்கடை ஃப்ரிட்ஜை,
கடைசியில் என் இதயத் துடிப்பை.
ஐந்தாம் இரவு ஜன்னலைத் திறந்தால்
ஒரு காட்டெருமை.
மூலைக்கல்லில் விலாவைத் தேய்த்துக்கொண்டு,
கண்ணை மூடிக்கொண்டு,
ஒரு டன்.

அதுவும் உராய்வுதான். அளக்க என்னிடம் கருவியில்லை.

'2.45 முதல் 2.58 வரை அளவீடு இல்லை.
காரணம்: காட்டெருமை'
என்று அறிக்கையில் எழுதி அனுப்பினேன்.
எந்த மாடல் என்று கேட்டு
பதில் வந்தது.

இப்போதெல்லாம் அது வந்ததும்
நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறேன்.
ஃபிளாஸ்க்கைத் திறக்கிறேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான்.
பதின்மூன்று நிமிடம் விஞ்ஞானம் இல்லை.

அது போனபின்
ஓர் ஊசலாட்டத்துக்கு நாற்பத்தொரு விநாடி,
பதினோரு ஊசலாட்டம்.
புள்ளி மெல்ல அடங்குவதற்குள்
பொத்தான்களைக் கழற்றி
ஸ்வெட்டரை அடுத்த அறையில் எறிந்துவிட்டு வருகிறேன்.

மூன்று புள்ளி ஒன்று.
நேற்றும் அதேதான்.