மூன்றாம் படிவம்

பிறப்புக்கு ஒரு படிவம், இறப்புக்கு ஒன்று.
இரண்டிலும் சேராததற்கு மூன்றாவது.
பாம்பன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரெக்சலின்
மூன்றாவதை எடுத்து நிரப்பினாள்.
வாரம்: முப்பத்தேழு. பால்: பெண்.
பேருக்குக் கட்டம் இல்லை.
மேலே கொட்டை எழுத்தில்
இறந்து பிறந்தது.

பிறந்தாள்னு போடக்கூடாதா சிஸ்டர்?
அச்சுல வந்ததே அப்படித்தான்க்கா என்றாள்,
பேனா மூடியைத் திறந்து திறந்து மூடியபடி.

எட்டு வரைக்கும் படித்திருக்கிறேன்.
வந்து போனான் என்றால்
வந்தது முதலில்.
குளித்துச் சாப்பிட்டாள் என்றால்
குளித்தது முதலில்.
அந்த மாதிரி இதிலும் முதலில் நடந்தது எதுவென்று
எனக்குத் தெரியும்.
செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறும் நேரம்.
கரையில் கட்டக்கோரை உலர்த்திக்கொண்டிருந்தேன்.
விடிந்ததிலிருந்து உதைத்தது, நின்றது.
வாடை ஓய்ந்து கச்சான் தொடங்குமுன்
கடலும் சில நாள் இப்படிக் கிடக்கும்,
தூங்குறா போல என்று
பாசியைப் புரட்டிப் போட்டேன்.

அத்தை அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை.
தங்கல என்றார் வந்தவர்களிடம்,
விருந்தாளி ஒருத்தி
காபி குடிக்காமல் கிளம்பிப் போனது மாதிரி.
கூட்டிப் பெருக்குகிறவள்தான்
பக்கத்துக் கட்டிலில் சொன்னாள்:
சாப்பிள்ளை.

அது எனக்குப் பழகிய சொல்.
போன மாதம் ஜெட்டியில் கூட்டம்,
சங்கச் செயலாளர் மைக்கைத் தட்டிவிட்டு
பேச்சுவார்த்தை சாப்பிள்ளையாப் போச்சு என்றார்.
எல்லாரும் சிரித்தார்கள்.
வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு
நானும் சிரித்தேன்.
அவள் அப்போது கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

மூன்றாம் நாள் பால் கட்டியது.
படிவத்தை உடம்பு வாசிக்கவில்லை.
ரவிக்கை நனைந்து, காய்ந்து, விறைத்து
மறுபடி நனைந்தது.
மல்லிகை வைத்துக் கட்டினால் வற்றும் என்றார் அத்தை.

கல்யாணமாகி நாலு வருஷத்தில்
பூ வாங்கி வந்ததில்லை நம்புராசன்.
மீன் வாடை போகாத சட்டையோடு
பஸ் ஸ்டாண்டில் போய் நின்று
ஆறு முழம் கேட்டிருக்கிறார்.
ஆறா, வீட்டுல என்ன விசேசம்,
பிள்ளை பிறந்திருக்கா
என்றாளாம் பூக்காரி.
அவர் கொஞ்ச நேரம்
தராசைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு
ஆமா, பொம்பளப் பிள்ளை என்றாராம்.

ஒரு சாண் கூடப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்,
காசு வாங்காமல்.

ஆறு முழமும் நெஞ்சோடு கட்டிக் கறுத்துவிட்டது.
அந்த ஒரு சாண் இருக்கிறது.
ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்,
சாயங்காலம் திறந்து பார்த்தேன்,
இன்னும் விரியாமல் ரெண்டு மொட்டு.