அம்பு ஸ்டிக்கர்

பகலில் எனக்குச் செக்கிங் வேலை.
நெருப்பெரிச்சல் கம்பெனியில் மூணாம் மேஜை,
தலைக்கு மேலே ரெண்டு டியூப்லைட்.
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்,
எது கண்ணில் பட்டாலும் அதன்மேல்
சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டித் தள்ளிவிடுவேன்.
ஒன்றரை ஷிப்ட்டுக்குச் சனிக்கிழமை கவர் வரும்.

ராத்திரியும் எனக்குச் செக்கிங்தான்.
அதற்குக் கவர் இல்லை.

'பீஸ்ரேட்' என்று ஓர் ஆப்.
எந்தக் கம்பெனிக்கு ஓவர்லாக் ஆள் வேண்டும்,
எங்கே ரூம் காலி, எவன் கூலியைப் பிடித்துவைப்பவன்,
எல்லாம் அதில் போடுவார்கள்.
போடுவதில் பாதி பொய்.
"பெண்கள் மட்டும், இருபது வயசுக்குள், முன்பணம் உண்டு"
என்று வருவதன் கழுத்தைத் திருகுவது என் பாடு.
மிஷின் விற்கிறேன் என்று வரும் திருடர்கள்
காங்கயம் சென்னியப்பனுக்கு.
வசவெல்லாம் பல்லடம் ரஹ்மத்நிஷாவுக்கு.
ஒடியாவில் வருவதைப் பார்ப்பவன்
பூலுவப்பட்டி அயர்ன் மாஸ்டர் சரோஜ்.
மொத்தம் பத்தொன்பது பேர்.
ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை.
ரஹ்மத்நிஷாவின் குழந்தை இருமுவதை மட்டும்
வாய்ஸ் மெசேஜில் கேட்டிருக்கிறேன்.

பேர்தான் பீஸ்ரேட்.
எங்களுக்குப் பீஸும் கிடையாது, ரேட்டும் கிடையாது.
"நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார்
கோயமுத்தூரிலிருந்து ரித்விக் சார்,
பின்னால் கண்ணாடிச் சுவர், ஒரு செடி.
என்ற ஊரில் ஒரம்பரை வந்தாலே
சொம்பு நிறையத் தண்ணி கொடுத்துவிட்டுத்தான் பேச்சு.
குடும்பத்துக்கு ஒருதரம் டீ-சர்ட் அனுப்பினார்.
முதுகில் 'காவலர்' என்று அச்சு.
பழக்கதோஷம், உள்பக்கம் திருப்பினேன்.
அக்குளில் ஊசி ஓட்டை.
காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் அள்ளிய செகண்ட்ஸ்.

ஆடியில் ஒரு விளம்பரத்தைத் தள்ளினேன்.
திரும்ப வந்தது. தள்ளினேன்.
நாலாம் தடவை வந்தபோது
அதன் தலையில் தங்க நிறத்தில் ஒரு டிக்.
தள்ளும் பொத்தானைக் காணோம்.
கேட்டு எழுதினேன்.
"அவங்க பணம் கட்டினவங்க மேடம்,
நீங்க அதைத் தொட வேண்டாம்."

கந்தமாலிலிருந்து வந்த பதினொரு பையன்கள்
ஆளுக்கு மூவாயிரம் கட்டிவிட்டுப்
பழைய பஸ் ஸ்டாண்டில் ரெண்டு நாள் கிடந்தார்கள்.
விளம்பரத்து விலாசத்தில் ஒரு கோழிக்கடை இருந்தது.
சோறு வாங்கிக் கொடுத்தவன் சரோஜ்.

மறுநாள் ராத்திரி பதினொண்ணு நாற்பதுக்கு
பத்தொன்பது பேரும் சேர்ந்து பூட்டினோம்.
அப்படி ஒரு பொத்தான் இருப்பதே
சென்னியப்பன் சொல்லித்தான் தெரியும்.
திருப்பூரே இருண்டதுபோல் இருந்தது எனக்கு.
ஜன்னலுக்கு வெளியே
எல்லாக் கம்பெனியிலும் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.
பன்னெண்டு பத்துக்கு, முதல்முறையாக,
ரித்விக் சார் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.
அது வேறு யாருடைய பேரோ.
"கம்பெனி சொத்து" என்று நாலு தடவை சொன்னார்.
குடும்பம் என்று ஒருதரமும் சொல்லவில்லை.

விடிகாலை நாலரைக்கு அவர்களே திறந்துகொண்டார்கள்.
எங்கள் பேருக்குப் பக்கத்தில் இருந்த சாவிப் படம் போயிருந்தது.
மூணு பேருக்கு மட்டும் புதுச் சாவி.
அதில் ஒருத்தர் சென்னியப்பன்.
"யாராச்சும் உள்ளே இருக்கோணுமல்லங்க"
என்றார் போனில்.
நான் ஒண்ணும் பேசவில்லை.
அவர் சொன்னதை
வெளிச்சத்தில் பிடித்து, தையலை இழுத்து,
இன்னமும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
அம்பை எங்கே ஒட்டுவதென்று தெரியவில்லை.

நேற்றுப் பொழுதோட வேலை விட்டு வந்தால்
பஸ் ஸ்டாப் கம்பத்தில் அதே விளம்பரம்,
காகிதத்தில், பசை காயாமல்.
பையில் அரை ஷீட் ஸ்டிக்கர் கிடந்தது.
சூப்பர்வைசர் எண்ணித் தருவது.
முன்பணத்தின் மேல் ஒன்று ஒட்டினேன்.
போன் நம்பரின் மேல் மூன்று.
பஸ் வந்துவிட்டது.