துறுதுறு

கிலுக்கியை எடுத்துவிடுங்கள். சூப்பியையும்.
மூன்று நிமிடம் யாரும் கதைக்கக் கூடாது.

நீல விரிப்பில் மல்லாந்து கிடக்கிறான் ஹம்தான்,
வயது பன்னிரண்டு கிழமை.
முக்காலியில் கமரா. சிவப்புப் புள்ளி எரிகிறது.

பிறந்தபோது அழவில்லை.
எட்டு நிமிடம் என்கிறது வார்ட்டுத் துண்டு.
பிறகு மூன்று நாள் குளிர்மெத்தை.
"தொட்டுப் பாத்தேன் மிஸ்,
மையித்து மாதிரிக் குளுந்து கிடந்தார்"
என்று போன மாதம் சொன்ன ஷிஃப்னா
இப்போது தலைச்சீலை நுனியால்
வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

நான் தேடுவது பெரிய உதையை அல்ல,
சிரிப்பையும் அல்ல.
கழுத்தில், மணிக்கட்டில், கணுக்காலில்
ஓயாமல் ஊரும் ஒரு சின்னச் சலனம்,
தூறலில் பேரை வாவியின் மேல்தோல் படும் பாடு.
பாடப்புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர்.
என் கொப்பியில் 'துறுதுறு'.
இருந்தால் பெரும்பாலும் பயமில்லை.
இல்லாவிட்டால்

முதலாம் நிமிடம்.
பொரளைச் சந்திப் பக்கமிருந்து பாண் ஓட்டோ வருகிறது,
அதே மெட்டைத் தேய்த்துக்கொண்டு.
அவன் தலை திரும்புகிறது.
ஷிஃப்னாவின் கண் என்மேல் பாய்கிறது: கண்டீங்களா?
கண்டேன். காது கேட்கிறது, அல்ஹம்துலில்லாஹ் என்று
நீ சொல்லிக்கொள்ளலாம்.
ஆனால் அது இது இல்லை.

இரண்டாம் நிமிடம்.
கால் நீள்கிறது, மடங்குகிறது, நீள்கிறது,
யாரோ கதவைத் திறந்து மூடுவதுபோல.
இடையில் ஒன்றுமில்லை.
முகத்தைச் சுவராக வைத்திருக்க
எனக்குப் பதினொரு வருடப் பழக்கம்.
சுவரை வாசிக்க
அவளுக்குப் பன்னிரண்டு கிழமை.
அவள்தான் கெட்டிக்காரி.

மூன்று.
கமராவை நிறுத்துகிறேன்.
அடுத்த கிழமை இன்னொரு தரம் எடுப்போம்,
சில பிள்ளைகளுக்கு நாள் செல்லும்,
தலைப் படமும் ஒன்று வேண்டும்
என்றெல்லாம் நான் தொடங்க முன்னமே

"இல்லையா மிஸ்?"

"இன்றைக்கு இல்லை."

அழுவாள் என்று டிஷ்யூப் பெட்டியை நகர்த்தினேன்.
அது மேசை விளிம்பில் அப்படியே இருந்தது.
அவள் செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பில் குந்தினாள்,
மூடிய இடது கையைப் பெருவிரலிலிருந்து
மெல்ல, ஒவ்வொன்றாக விரித்தாள்.

"அப்ப ஏன் மிஸ் அடுத்த கிழமை மட்டும்?
இண்டைக்கே சொல்லித் தாங்க.
எந்தக் கையில தொடங்குற?"