கிடங்கில் ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து கடிதம்: சபையின் வரலாறு வேண்டுமாம்,
இரண்டு பக்கம் போதும், படம் இருந்தால் நல்லது.
படம் இல்லை.

சோலூர்மட்டம் போகும் வழியில்
ஆலா கவுடரின் உருளைக்கிழங்குக் கிடங்கு.
எண்பத்தெட்டில் மாதம் நாற்பது ரூபாய்.
சிலுவை கிடையாது, எங்கள் சபையில் வைப்பதில்லை.
மணி கிடையாது. சம்பளத்துக்குச் சாமியார் கிடையாது.
"அப்புறம் என்னதான் இருக்கு?" என்றார் கவுடர்.
கிழங்கு வாசனை இருந்தது.
ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் பசித்தது.

வந்தவர்கள் இருவர். வெள்ளைச் சட்டை, டை,
மார்பில் கறுப்புத் தகட்டில் 'மூப்பர்'.
வயசு இருபது. ஒருவன் மெட்ராஸ், ஒருவன் பிஜித் தீவுத் தமிழன்.
பிஜிக்காரனுக்கு மீசை இன்னும் முடிவு செய்யவில்லை.
லயத்தில் சிரிப்பு அடங்க ஒரு வாரம்.

கேட்டுச் சேர்ந்தவர்கள் பதினோரு பேர்,
தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபத்தில் ஊசி போட்டுக்கொண்டு,
பார்த்தேயிராத தாயகத்துக்குத் திரும்பியவர்கள்.
விடிந்தால் பிரட்டு, இருட்டும்வரை கொழுந்து.
அவர்களிடம் சொன்னார்கள்: தேயிலை குடிக்கக் கூடாது.

அங்கம்மா இடுப்பில் கை வைத்தாள். "பறிக்கலாமா?"
பறிக்கலாம்.
"அப்ப சரி. நமக்குக் கொடுக்கிறது தூசிதானே."

சிக்கல் எனக்குத்தான்.
ஃபாக்டரியில் நான் ருசி பார்ப்பவன்.
நாளைக்கு அறுபது கிண்ணம்: உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்ப வேண்டும்.
துப்பினாலும் பாவமா?
மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேலிடத்துக்கு எழுதினார்கள்.
பதிவுத் தபால் ரசீது என்னிடம் இருக்கிறது. பதில் வரவில்லை.

ஞானஸ்நானம் ஜனவரியில். புல்லெல்லாம் உறைபனி.
மூங்கில் ஓடையைக் கல் அடுக்கித் தேக்கினோம்.
முழு உடம்பும் முழுக வேண்டும், ஒரு விரல் மிதந்தாலும் செல்லாது.
அங்கம்மாவின் முந்தானை காற்றடைத்து மேலே வந்தது
மூன்று தடவை.
நாலாவதில் அவளே மூப்பரின் கழுத்தைப் பிடித்து அமுங்கினாள்.
சாட்சிக் கையெழுத்து நான். விறைத்த விரல்.
என் பெயர் அந்தத் தாளில் வேறு எவனோ ஒருவன்.

அப்புறம் பேரேடு.
செத்தவர்களின் பெயர் வேண்டும், நாலு தலைமுறை.
எங்கோ ஒரு ஆலயத்தில் அவர்களுக்காக
முகம் தெரியாத யாரோ தண்ணீரில் இறங்குவார்கள்.
கங்காணியின் துண்டுக்கு அப்பால் எங்களில் யாருக்கும் அப்பன் இல்லை.
'கறுப்பன், தகப்பன் கறுப்பன்' என்றே ஆறு வரி.

பழனியாயி முறை வந்தது.
"ஒரு பிள்ளை. ஹப்புத்தளையில. மூணு நாள் இருந்துச்சு."
பேர்?
"வைக்கல."
மெட்ராஸ்காரன் மெதுவாகச் சொன்னான்:
எட்டு வயசுக்குள் போனவர்களுக்கு ஞானஸ்நானம் தேவையில்லை அம்மா,
அவர்கள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டார்கள்.
"நான் தண்ணியா கேட்டேன்? பேரை எழுதுங்கிறேன்."

ஐம்பத்தோரு வயசில், கவுடரின் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து
யோசித்தாள்.
கோத்தகிரி பஸ் வளைவில் ஏறி, மறைந்து, அடுத்த வளைவில் தெரிந்தது.
"பூரணம்" என்றாள். "பொம்பளப் பிள்ளை."
எழுதினேன். மை கொஞ்சம் ஊறிவிட்டது.

தொண்ணூற்றாறில் நாங்கள் நாலு பேர்.
திருப்பூருக்குச் சிலர், மண்ணுக்குச் சிலர்,
ஒருவர் பெந்தெகொஸ்தேக்கு. அங்கே டீ உண்டு.
கிடங்கில் இப்போது கேரட் கழுவும் இயந்திரம் ஓடுகிறது.
ஓடைத் தேக்கம் அப்படியே கிடக்கிறது;
விடியுமுன் காட்டெருமை முழங்கால் வரை நிற்கும்,
முழுகாது.

கணக்கில் கடைசி வரி: வாடகை பாக்கி நாற்பது.
போன வாரம் கொண்டுபோனேன்.
கவுடரின் பேரன் போஜன் நோட்டுகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
உள்ளே போய் ஒரு டம்ளர் கொண்டுவந்தான்.
நல்ல இலை. சூடு காட்டியதில் கொஞ்சம் கருகல்.
துப்ப இடம் தேடினேன்,
பழக்கம்.