தண்ணீர் மாற்றும் நாள்

மாமாங்கத்துக் கல்லைச் சுட்டெடுத்த வெள்ளை மாவு,
மேட்டூர் அனல்நிலையத்துச் சாம்பல்,
பாஸ்பேட் உப்பு.
அவசரக்காரக் கலவை இது,
கால்மணி நேரத்தில் கல்லாகிவிடும்.
கொஞ்சம் பொறு என்று சொல்ல
ஒரு சிட்டிகை வெண்காரம்.

கடைசியாகச் சீசியம்.
பயப்பட வேண்டாம், கதிர் வீசாத சீசியம்தான்,
அணுக்கழிவாக வேஷம் கட்டிய உப்பு.
வாட்ச்மேன் சடையன் மட்டும் நம்புவதில்லை.
அறை வாசலைத் தாண்டும்போது
துண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறார்.

அச்சில் ஊற்றினேன். சூடேறியது,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி.
மறுநாள் தட்டிப் பிரித்தால்
உள்ளங்கையில் அடங்கும் கட்டி.
எண் பதினேழு.
நைலான் கயிற்றில் கட்டித்
தண்ணீருக்குள் தொங்கவிட்டேன்.

இனி என் வேலை சந்தேகப்படுவது.
முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள்
தண்ணீரை மாற்று, பழையதைப் புட்டியில் பிடி,
எவ்வளவு கசிந்தாய் என்று கேள்.

இருபத்தெட்டாம் நாள் மாட்டுப் பொங்கலில் வந்து விழுந்தது.
கருப்பூருக்குள் பஸ் வரவில்லை, நடந்தே போனேன்.
சேர்வராயன் மேல் பாதி மேகம்.
வெட்டிப்போட்ட சுரங்க மேடுகளைப் பார்த்தால்
கண் கூசியது.
எதிரே கொம்புக்குப் பச்சை அடித்த ஒரு காளை,
அதற்கு என்மேல் புகார் ஏதுமில்லை.

நிஜக் கழிவைப் பூட்டும்போது
முந்நூறு வருஷமாவது தாங்க வேண்டுமாம்.
முப்பது வருஷத்துக்கு ஒரு தரம் பாதி,
பாதியில் பாதி,
அந்தப் பாதியிலும் பாதி.
வீட்டுக்காரர் எனக்கு எழுதிக்கொடுத்தது
பதினோரு மாதம்.
பீப்பாய் மேல் எந்த எழுத்தில் எழுதுவார்கள்
தொடாதே என்பதை?

அடுத்த வாரம் முடிவு வந்தது.
பவளக்கொடிக்கு ஆய்வேட்டை முடிக்கிற அவசரம்,
தை கடைசியில் நிச்சயதார்த்தம் வேறு.
"இத்தனை சுழியமா? பேசாம இல்லைன்னே போட்டுடலாமே அக்கா?"

தாளை வாங்கி நானே எழுதினேன்.
சுழியம் புள்ளி சுழியம் சுழியம் நான்கு.
நான்கை மட்டும் கொஞ்சம் அழுத்தி.

வெளியே வரும்போது சடையன் கேட்டார்,
"உள்ள போட்டது வெளிய வந்துச்சா?"
"கொஞ்சூண்டு."
துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

தொண்ணூறாம் நாள் எப்போது என்று
காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன்.
பங்குனி பிறந்திருக்கும்.