ஈரத்துக்குக் கழிவு

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில்
விடிகாலை நாலரைக்கு
மல்லிகை நிறுக்கும் தராசில்
என் கேமராவை வைத்தேன்,
லென்ஸைக் கழற்றிவிட்டு, வெறும் உடம்பை மட்டும்.

"ஐந்நூத்தித் தொண்ணூத்தெட்டு" என்றார் இருளாண்டி.
அதே மூச்சில் பின்பக்கம் யாரிடமோ,
"ஈரப் பூவா? கிலோவுக்கு அம்பது கழிச்சுக்கோ."

ஜோதிராம் தன்னுடையதை வைத்தான்.
என் சென்சார் கட்டைவிரல் நகம்,
அவனுடையது நல்ல தபால்தலை,
பரப்பில் ஏறக்குறைய நான்கு மடங்கு.
ஐந்நூற்றுப் பதினாலு.

"இதுல சின்னது எதுக்கா?"
சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்த பையன்கூடச் சிரித்தான்.

நான் வாங்கிய வருடம்
இப்படியொரு கேள்விக்கே இடமில்லை.
பெரிய சென்சார் என்றால் அன்றைக்கு
உள்ளே கண்ணாடி எழுந்து விழும் செங்கல்.
என்னுடையது டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவில்
சத்தமில்லாமல் ஆபீஸ் வந்து போனது.
பிறகு அவர்கள் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தார்கள்.
என் கட்சிக்காரர்களோ
பிடிமானம், பெரிய பேட்டரி, இரண்டு கார்டு என்று
வருடா வருடம் சதை போட்டார்கள்.
வழியில் எங்கோ
ரிங் ரோட்டில் எதிரெதிர் பஸ்போல
ஒருவரையொருவர் கடந்திருக்கிறார்கள்.
டிரைவர்கள் கைகாட்டிக்கொண்டார்களா, தெரியாது.

"லென்ஸையும் வைங்க" என்றேன், மானத்துக்கு.
என் முந்நூறு: ஒன்றேகால் கிலோ.
அவன் அறுநூறு: இரண்டு கிலோ நூறு.
தூரத்துப் பறவையை
இரண்டும் ஒரே அளவுக்குத்தான் கிட்டே இழுக்கும்.
கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

அவன் விடுகிறவன் இல்லை.
"வெளிச்சத்தையும் எண்ணணும்ல?
ஒங்க நாலு எனக்கு எட்டு.
எட்டு போதும்னா எனக்கும் சின்ன லென்ஸ் இருக்குக்கா."

இருக்கிறது.
தூக்கம் வராத ஓர் இரவில்
கரண்ட் பில்லின் பின்பக்கம்
நானும் போட்டுப் பார்த்த கணக்குதான்.
எப்படித் திருப்பினாலும் மிச்சம் அரைக் கிலோ.
சில லென்ஸுக்கு அதுவும் இல்லை.

சொல்லாமல் விட்டது:
கழுத்தில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே
பிதுங்கி நிற்கும் ஒரு தட்டு.
அரைக் கிலோ எனக்கு
இடது கட்டைவிரல் மரத்துப்போகும் நேரம்,
ஒன்பது மணிக்கா, பதினொன்றுக்கா.

சாமநத்தம் கண்மாய்க்குப் போனபோது
கலுங்குப் பக்கம் இன்னும் இருட்டு.
பாதி முங்கிய கருவேலத்தின் மேல்
ஒரு பாம்புத்தாரா, சிறகை விரித்துக் காயப்போட்டபடி.
அவன் திரையில்
ஒவ்வொரு இறகுக்கும் தனித்தனி வெள்ளி விளிம்பு.
என் திரையில் அதே பறவை
கேழ்வரகு மாவுக்குள் விழுந்து எழுந்தது போல.

ஏழு மணிக்கு அது மீனோடு மேலே வந்தது.
குத்திய மீனை உதறி, ஆகாசத்தில் எறிந்து,
தலைப்பக்கமாய் வாங்கி விழுங்கியபோது
அவன் மோனோபாடை நீட்டிக்கொண்டிருந்தான்.
நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.
இருவருக்கும் இல்லை.
கொஞ்ச நேரம் யாரும் கிராம் பேசவில்லை.

எட்டரைக்கு அவன் கிளம்பினான்,
பல்செட் லேபைத் திறக்க வேண்டும்.
தோள் மாற்றித் தோள் மாற்றி
கரையில் அவன் பை நடந்துபோவது
வெகுதூரம் தெரிந்தது.
நான் பதினொன்று வரை இருந்தேன்.
விசேஷமாக எதுவும் வரவில்லை.
ஒரு நாமக்கோழியை எழுபது படம் எடுத்தேன்,
அது ஒரே பாசியைத்தான்
திரும்பத் திரும்பக் கொத்தியது.
அதற்குப் பிறகுதான் விரல் மரத்தது.

ராத்திரி கணினியில்
நாமக்கோழி எழுபதும் போயிற்று.
விடிகாலைப் படத்தைப் பெரிதாக்கினேன்,
சிறகெல்லாம் மாவு, தண்ணீரெல்லாம் மாவு.
கண் மட்டும் ஈரமாய், கூர்மையாய்,
என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.
அழிக்கும் பொத்தானில் இருந்த விரலை எடுத்தேன்.
கிலோவுக்கு ஐம்பது கழித்து
வைத்துக்கொண்டேன்.