தாழ்ப்பாள்

என் முதல் சுவரொட்டியைக் குரங்குதான் கிழித்தது.
எதிரணியின் வேலை என்று ஒரு மணிநேரம் கொதித்த பிறகு
காவலாளி கைகாட்டினார்: கிளையில் உட்கார்ந்து
என் முகத்தின் பாதியை மென்றுகொண்டிருந்தது ஒரு குட்டி.

வெஸ்ட்வில் குன்றில் இது புதிதில்லை.
நாங்கள் பரீட்சைக்குப் போன நேரமாய்ப் பார்த்து வந்து
ரொட்டியைத் தின்று, நோட்டின்மேல் நடந்து,
ஹ்லெங்கிவேயின் தலையணையில்
தன் கருத்தையும் தெரிவித்துவிட்டுப் போகும்.
மூன்றாம் மாடியில் பதினான்கு ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
எண்ணினேன்.
எண்ணியதுதான் வினை.

யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை.
வேட்புமனுவுக்குப் பத்துக் கையெழுத்து வேண்டும்.
சலவை அறையில், ஓடுகிற ஒரே இயந்திரத்தின் முன்
துணிக்கூடையோடு நின்றவர்களிடம் வாங்கினேன்.
ஒன்பதுதான் தேறியது.
பழுதுபார்க்க வந்தவர், "நான் போடட்டுமா?" என்றார்.
அவர் மாணவர் இல்லை.
துவைக்க எதுவும் இல்லாமல் மறுநாளும் போய் நின்றேன்.

பெரிய அணிகளுக்கு ஒரே நிறத்தில் சட்டை இருந்தது.
பாட்டு இருந்தது. தரை அதிர மிதித்து
அவர்கள் ஆடி வரும்போது
எனக்கே அவர்களுக்கு ஓட்டுப்போடத் தோன்றும்.
என்னிடம் ஒரு தாள்:
இரவு ஒன்பதரைக்குப் பின்னும் ஒரு பேருந்து.
நூலகத்தில் மின்சாரம் வருகிற பிளக்.
கடைசியாய்க் குளிப்பவளுக்கும் வெந்நீர்.
தாழ்ப்பாள், பதினான்கு.

சாட்ஸ்வொர்த்திலிருந்து அம்மா போனில் கேட்டாள்,
"இதுக்கெல்லாமா ஓட்டு?
ஒரு பிளம்பரைக் கூப்பிட்டால் ஆகாதா, பிரனேஷா?"
பதில் தெரிந்திருந்தால்
மேடையில் அதைத்தான் பேசியிருப்பேன்.

ஒன்றரை நிமிடம் தந்தார்கள்.
தாழ்ப்பாள் என்றதும் சிரிப்பு. நல்ல சிரிப்புத்தான்,
ஒருவன் குரங்கு மாதிரி கத்தியும் காட்டினான்.
பிறகு பின்வரிசையில் லிண்டானி எழுந்தான்,
கணக்கியல், இரண்டாம் ஆண்டு.
"சிசி, எனக்கு மூன்று மாதமாய் உதவித்தொகை வரவில்லை.
அறையும் போயிற்று. நூலகத்தில் தூங்குகிறேன்.
ஜன்னல் இருக்கிறவர்களுக்குத் தாழ்ப்பாள் தருகிறாய்.
எனக்கு?"

மணி அடித்தது. என் நேரம் முடிந்ததற்கான மணி.
"நன்றி" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.
நன்றி!
இன்னும் மீன்முள்ளாய்த் தொண்டையில் நிற்கிற சொல்.

அன்று இரவு நூலகத்துக்குப் போனேன்.
பழைய செய்தித்தாள் அடுக்குகளுக்குப் பின்னால்
காலணியைத் துண்டில் சுற்றித் தலைக்கு வைத்திருந்தான்.
அவனைத் தவிர இன்னும் ஆறு பேர்.
பிளக் வேண்டும் என்று நான் குறித்து வைத்த அதே சுவர்.
தெரியாமலே
அவர்களுடைய படுக்கையறைக்கு
விளக்கு வாக்களித்திருக்கிறேன்.

தாளை எடுத்து ஒரு வரி சேர்த்தேன்.
எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
"தூங்க இடம்" என்று மட்டும்.
லிண்டானி வாங்கி வாசித்தான்.
"கையெழுத்து ரொம்ப மோசம்," என்றான்.
திருப்பித் தரவில்லை.

ஏழாவது இடம். நூற்று எண்பத்தாறு ஓட்டு.
ஹ்லெங்கிவே எனக்குப் போடவில்லை,
முகத்துக்கு நேரே சொன்னாள்:
"ஜெயித்தால் நீ கூட்டங்களுக்குப் போய்விடுவாய்.
வார்டனிடம் யார் கத்துவது?"
இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் என் பிஸ்கட்டைக் குரங்கு தூக்கிப்போக,
இருவரும் சேர்ந்து கத்தினோம்.

திங்கட்கிழமை. வார்டன் அலுவலகம்.
நான், லிண்டானி, கூலி வராத பழுதுபார்ப்பவர்.
"நீங்கள் என்ன பொறுப்பில் இருக்கிறீர்கள்?" என்றாள் வார்டன்,
பதிவேட்டைத் திறந்து.
மூன்றாம் மாடி, என்றேன்.
நூலகம், என்றான் லிண்டானி.
பழுதுபார்ப்பவர் எதுவும் சொல்லாமல்
தொப்பியைக் கழற்றினார்.

எழுத முயன்றாள். பேனாவில் மை இல்லை.
என்னுடையதை நீட்டினேன்.